மஞ்சள் பூ பூத்த வல்லாரை

எந்தக் கீரை கைக்கு வந்தாலும் ஷரபுன்னிசா சாச்சி முதலில் ஒரு இலையின் நுனியைக் கிள்ளி நாக்கில் வைப்பார். கண்ணை மூடி ஒரு நொடி. துப்பிவிட்டுத்தான் ஆய உட்காருவார். தெரிந்த கடையில் வாங்கிய கொத்தமல்லிக்கும் இதே பரீட்சைதான். நான் மூன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து பார்க்கிறேன். பாலக்கரையில் அவர் வீட்டு மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான்.

சாச்சி எங்களுக்குச் சொந்தச் சித்தி இல்லை. அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. உள்பாவாடை தைக்கும் கம்பெனியில் வேலை. கணவர் இல்லை. ஒரே மகள் வஹீதா கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் மாடி ஏறிவிடுவார். பால் கவர்களில் ஓட்டை போட்டு, மண்ணும் டீத்தூள் சக்கையும் நிரப்பி, நாற்று வளர்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து டிபன் பாக்ஸில் ஒரு செடி கொண்டுவந்தார். கம்பெனியில் பக்கத்து மிஷினில் தைக்கும் விஜயராணியின் வீடு மூலத்தோப்பில். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். வாசலில் பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்த செடி சிமெண்டுக்கு அடியில் போய்விடும். பெயர் அவளுக்கும் தெரியாது. "எடுத்துட்டுப் போங்கக்கா. வீடு முடிஞ்சதும் ஒரு தொட்டி எனக்குத் திருப்பிக் குடுத்துடணும்" என்றாளாம். சாச்சி வாக்குக் கொடுத்திருந்தார்.

"தஹ்ஸீன், நீதான் இதெல்லாம் படிச்சவளாச்சே. இது என்ன புள்ள?"

நான் தாவரவியலில் பட்டம் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அத்தா அதைத் தெருவில் சொல்லாத வீடு இல்லை. ஆனால் நான் படித்த செடிகள் பெரும்பாலும் தாளில் ஒட்டிக் காய்ந்தவை. போனில் படம் எடுத்துப் பார்த்தேன். மூன்று பெயர்கள் காட்டியது. வட்ட இலை, கணுவுக்குக் கணு வேர். தெரிந்த பெயரைச் சொன்னேன்.

"வல்லாரை, சாச்சி."

"கடை வல்லாரை மாதிரி இல்லையே."

"இது வேற ரகம். வெயில்ல வளந்தா இலை சிறுசாத்தான் இருக்கும்."

இந்த இரண்டாவது வாக்கியத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். சாச்சி கிள்ளிய இலையை நாக்கில் வைக்காமல் கீழே போட்டார். "நீ படிச்சுச் சொல்ற. நான் எதுக்கு நக்கிப் பாத்துக்கிட்டு?"

அதை நன்றாகவே வளர்த்தார். கணுக்களை மண்ணோடு அழுத்திக் கொண்டை ஊசியால் குத்தி வைத்தார். ஒவ்வொரு ஊசியடியிலும் வேர் இறங்கியது. மூன்று மாதத்தில் நாலு தொட்டி. பிரசவத்துக்கு வந்த வஹீதாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தொட்டியில் பூத்திருந்தது. சின்னப் புனல் மாதிரி மஞ்சள் பூ. வல்லாரை அப்படிப் பூக்காது. கையிலிருந்த துணிகளைக் கீழே போட்டுவிட்டுச் சுவர் தாண்டி ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தேன். கடைசித் தொட்டியில் பாதி இலைகள் கிள்ளப்பட்டிருந்தன.

கீழே இறங்கினேன். சாச்சி அம்மி கழுவிக்கொண்டிருந்தார். "உன் வல்லாரைதான். துவையல் அரைச்சேன். வஹீதா ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டா. என்ன புள்ள, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இதைத்தான் இப்போதும் எழுதக் கை கூசுகிறது. அரை மணி நேரம். ஒன்றும் ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், பிறகு குழந்தையை நினைத்தேன், பிறகு அத்தாவின் முகத்தை. சுவருக்கு அந்தப் பக்கம் வஹீதா இருமினால் சுவரில் காதை வைத்தேன். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டதும்தான் ஓடினேன்.

"சாச்சி, அது வல்லாரை இல்ல. என்னன்னு எனக்குத் தெரியாது."

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பால் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். "ஆட்டோ கூப்புடு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கவரைப் பிரித்துப் பார்த்தார். "என்ன செடி இது?"

"தெரியலங்க."

"பேர் தெரியாததையா பிள்ளத்தாச்சிக்குக் குடுத்தீங்க? யார் சொன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாச்சி சொன்னார்: "நான்தாம்மா. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்."

சாயங்காலம் வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். குழந்தையின் துடிப்பை மூன்று முறை கேட்டார்கள். வாந்தி நின்றுவிட்டது. செடியால் வந்ததா, வெயிலால் வந்ததா என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் மாதம் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக.

அதன் பிறகு நான் வாங்கிக் கொடுக்கும் புதினாவையும் சாச்சி நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஆய்ந்தார். என் எதிரிலேயே. குத்திக்காட்டுவதற்காக இல்லை. பழைய வழக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமான தண்டனையாக இருந்தது.

பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சாச்சி மஸ்கட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. தொட்டிகளை என்னிடம் விட்டுப்போனார். "விஜயராணிக்கு ஒண்ணு குடுக்கணும். பேர் தெரியாமக் குடுக்க மனசு வரல. அவளும் துவையல் அரைச்சு வச்சுட்டா என்னாகும்? நீ கண்டுபுடிச்சுக் குடுத்துடு" என்றார்.

கல்லூரியில் பேராசிரியரிடம் காட்டினேன். எலிக்காதிலையாக இருக்கலாம், அது சாப்பிடுகிற கீரைதான், காய் வந்ததும் கொண்டு வா, உறுதியாகச் சொல்கிறேன் என்றார். போன மாதமே காய் வந்துவிட்டது. காகித உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். மூன்று முறை கல்லூரி வாசல்வரை போய்த் திரும்பினேன். அவர் வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிட்டால், அந்த அரை மணி நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

விஜயராணியின் வீடு முடிந்துவிட்டது. நேற்றும் போன் செய்தாள். "ஏம்மா, உங்க சாச்சி குடுக்கறேன்னு சொன்ன செடி என்னாச்சு? வாசல் வெறிச்சுன்னு கெடக்கு."

"அடுத்த வாரம் கொண்டாரேங்கக்கா" என்றேன். போன வாரமும் இதையேதான் சொன்னேன். அவளுக்கென்று ஒதுக்கிய தொட்டி சுவர்மேல் இருக்கிறது. செடி விளிம்பைத் தாண்டி எங்கள் பக்கம் தொங்குகிறது.