மூன்று கறுப்பு விதைகள்

பித்தளைச் செம்புக்குள் பீன்ஸ் விதை விழும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? வெள்ளை விதையோ கறுப்பு விதையோ, சத்தம் ஒன்றுதான். ஆனால் ஐம்பதுகளின் கடைசியில், மலைமேல் இருக்கிற போளூர் ஊர்ப் பஞ்சாயத்தில் நான் எழுத்தராக இருந்தபோது, விதை விழுவதற்கு முன்பே எத்தனை கறுப்பு என்று ஊருக்குத் தெரிந்திருக்கும்.

பஞ்சாயத்தார் ஐந்து பேர். விசாரணை முடிந்ததும் கையைத் துண்டால் மறைத்து ஆளுக்கொரு விதை போடுவார்கள். கறுப்பென்றால் குற்றவாளி. அடுத்தவர் முகம் பார்க்காமல் அவரவர் மனசுப்படி போடத்தான் அந்த மறைப்பு. ஆனால் ஐவரில் மூவர் ஒரே கொள்கைக்காரர்கள். காடு வேறு, வெள்ளாமை வேறு; காட்டு ஆட்கள் தோட்டத்து ஓரம் குடியிருக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் முக்காலி. “முக்காலி வந்துருச்சுல்ல? அப்பத் தீர்ப்பும் வந்துருச்சு. வெரசா சோலியப் பாக்கப் போங்கப்பா” என்று டீக்கடையில் சிரிப்பார்கள்.

மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். ஒருநாள் துணிந்து கேட்டேன்: “நீங்களா யோசிச்சுத்தான் போடுறீங்களாய்யா?” அவர் கோபப்படவில்லை. “ஒரே வெயில்ல மூணு மரம் நின்னா நெழலு ஒரே பக்கந்தானப்பா விழுகும்? ஒண்ணப் பாத்து ஒண்ணா எழுதுது?” என்றார். அதில் பாதி நியாயம் உண்டென்று இன்றும் நினைக்கிறேன். மீதிப் பாதிதான் என்னைத் தூங்கவிடாதது.

அந்த ஐப்பசியில் தேன் எடுக்கிற ஒருவர் மேல் புகார் வந்தது. செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் உருளைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டு போனாராம். குற்றம் உறுதியானால் குடிசையைப் பிரித்துக்கொண்டு மழையில் மலையிறங்க வேண்டும். மனைவி நிறைமாதக்காரி.

அவர் வாத்தியாரைப் பார்த்துத்தான் பேசினார். “சாமி, செவ்வாக்கெழம முழுக்க ஒங்க கூடத்தான வந்தேன்? மன்னவனூர்லருந்து ஒங்க பையத் தூக்கிக்கிட்டு?”

உண்மைதான். அந்தச் செவ்வாய் சாயங்காலம் வாத்தியாரே என்னிடம் சொல்லியிருந்தார்: “தேன்காரன் மட்டும் வரலைன்னா மலை ஏத்தத்துலயே கெடந்துருப்பேன்ப்பா.”

வாசலில் மூடுபனி அடைத்து நின்றது. வாத்தியார் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். கூட்டாளிகள் இருவர் கைகளும் ஏற்கெனவே துண்டுக்குள் போயிருந்தன. “அது திங்கக்கெழமையில்ல?” என்றார் மெதுவாக. செம்பைக் கவிழ்த்தேன். இரண்டு வெள்ளை, மூன்று கறுப்பு.

வாத்தியார் பொய் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். வெறும் பொய்யாக இருந்திருந்தால் பின்னால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் வெள்ளனே குடிசையைப் பிரித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வாத்தியார் என்னைத் தேடி வந்தார். கூடவே முக்காலியின் மற்ற இருவரும். “ஏம்ப்பா, பையத் தூக்கியாந்தான்னு ஒங்கிட்டச் சொன்னேனே, அது என்ன கெழம?” அவர் கண்ணில் கள்ளமே இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. போனவர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருப்பார்கள். மற்ற இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“திங்கக்கெழமதாங்கய்யா” என்றேன்.

“அதான பாத்தேன்” என்றார். முகம் தெளிந்துவிட்டது.

இத்தனை வருஷம் கழித்து இப்போது நினைத்துப் பார்க்கையில், சில நாள் எனக்கும் அது திங்கட்கிழமையாகவே நினைவுக்கு வருகிறது.