அம்சவல்லி பேன் பார்த்த வெள்ளிக்கிழமைகள்

"ஊர்ல பொம்பளைங்க தலையில பேன் பார்ப்பாங்க. எம் பொண்டாட்டி இலையில பேன் பார்க்கிறா!" பூதலூர் டீக்கடையில் இராஜாங்கம் இப்படிச் சொன்னால், கூட இருக்கும் நாலு பேர் சிரிப்பார்கள். அம்சவல்லி அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

வாய்க்கால் மேட்டில், நெல்லுக்குத் தண்ணீர் ஏறாத அரை ஏக்கரில், அவள் பழத்துக்காக மல்பெரி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் புருஷனின் வெள்ளை வேட்டியைச் செடிக்கடியில் விரிப்பாள், கிளையைத் தட்டுவாள், விழுந்ததைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி, காலண்டர் தாளின் பின்னால் எழுதுவாள். ஐப்பசி மழையில் மூன்று, நாலு. தையில் இருபது. மாசி வெயில் ஏற ஏற அறுபது. அத்தனையும் இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன்.

நெல்லில் புழு என்றதும் மருந்தைத் தூக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? போன வருஷ மாசியில் நெல்லுக்கு வாங்கிய மருந்தையே இராஜாங்கம் மல்பெரிக்கும் அடித்துவிட்டார். பத்து நாள் செடி பளிச்சென்று இருந்தது. அப்புறம் செம்பேன் இரட்டிப்பாக வந்து இலையெல்லாம் கொட்டிப்போனது. ஒரு கூடை பழம்கூடத் தேறவில்லை. அம்சவல்லி அழுதே விட்டாள்.

இந்த மாசியிலும் அறுபது. இராஜாங்கம் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அவள் வழியை மறித்து நின்றாள்.

"ஏங்க, அத இறக்கி வைங்க. வேட்டியப் பாருங்க. மெதுவா ஊர்றது செம்பேன். வெளுப்பா விறுவிறுன்னு ஓடுது பாருங்க, அது செம்பேனத் திங்கிற பேன். போன வாரம் ரெண்டு, இப்ப பதினொண்ணு. போன வருஷம் நீங்க இதுங்களையும் சேத்துக் கொன்னுட்டீங்க."

"இந்தத் தடவையும் பழம் போச்சுன்னா?"

"செடியப் புடுங்கிட்டு நீங்க சொல்றதையே வைக்கிறேன். ரெண்டு வெள்ளிக்கிழமை குடுங்க."

தினமும் காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வெறும் தண்ணீரை அடித்து, செம்பேன் பெருகத் தோதான புழுதியைக் கழுவினாள். முதல் வெள்ளி, செம்பேன் ஐம்பத்தைந்து. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வெள்ளி அவள் கேட்காமலே இராஜாங்கம் தன் புது வேட்டியை விரித்து, தானே குனிந்து எண்ணினார். செம்பேன் ஒன்பது, ஓடுவது முப்பது. மறுபடியும் எண்ணினார். மூக்கைச் சொறிந்துகொண்டார்.

பங்குனியில் பழம் கருகருவென்று தொங்கியது. ஒரு காலையில் பக்கத்துக் கொல்லை பஞ்சநதம் கத்தரிக்கு மருந்தடிக்க ஸ்பிரேயரை முடுக்கினார். பழக்கூடையை அப்படியே வைத்துவிட்டு இராஜாங்கம் வேலிக்கு ஓடினார்.

"யோவ் பஞ்சநதம், நிறுத்துய்யா! காத்து இந்தப் பக்கம் அடிக்குது. உள்ள எங்க ஆளுங்க வேலை செய்யறாங்க!"

பஞ்சநதம் எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் அம்சவல்லி ஒருத்திதான் இருந்தாள், பழம் பறித்த கையோடு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு.