வாசல் கேமராவில் பனி

ஆயுத பூஜை முடிந்த கையோடு எங்கள் குடியிருப்பின் வாசல் கேமராவில் இரவுதோறும் பனி பெய்யத் தொடங்கியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் வேறு எங்கும் பெய்யாத பனி. பகலில் படம் சுத்தம். தெருவில் போகிற ஆட்டோவின் எண்ணைப் படிக்கலாம். இருட்டியதும் திரை வெளுத்துவிடும். அதற்குள் ஏதோ அசையும். மனிதனா, நாயா, கிளையா என்று சொல்ல முடியாது.

பூ காணாமல் போகிற விவகாரம் கமிட்டிக்கு வந்ததும் அப்போதுதான். எங்கள் செயலாளர் தரைத்தளத்தில் இருக்கும் அம்மாள், வங்கியில் மேலாளராக இருந்தவர். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக அவர் வளர்த்த நந்தியாவட்டையும் செம்பருத்தியும் விடிவதற்குள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. எவனோ சுவரேறிக் குதிக்கிறான், இரவுக் காவலாளி தூங்குகிறார் என்று அவர் சொன்னார். மூன்றாம் மாடிப் பொருளாளர் ஆமோதித்தார். மாதம் முடிந்ததும் காவலாளியை அனுப்பிவிடுவது என்று பேச்சு. பத்திரிகையில் இருந்தவன் என்பதால் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. எழுதினேன்.

காவலாளி பெருங்குடியிலிருந்து பஸ்ஸில் வருபவர். அறுபதை நெருங்கும் வயதில் வேறு கேட் கிடைப்பது சுலபமில்லை. லிஃப்ட் அருகே என்னை நிறுத்தினார்.

“நான் முய்ச்சிக்கினுதான் கீறேன் சார். அந்தப் படத்த சரி பண்ணிப் பாருங்க.”

“யாரு வர்றாங்கன்னு தெரியுமா?”

“நான் சொன்னா வில்லங்கம். படம் சொல்லட்டும்.”

கண்காணிக்கப்பட இவ்வளவு ஆசைப்பட்ட ஊழியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கேமரா பொருத்திய மெக்கானிக் வந்தார். செயலாளர் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, திரைக்கு முன் உட்கார்ந்து ஆராய்ந்தார். அடாப்டர் வீக் என்று மாற்றினார். அடுத்த முறை ஒயரை மாற்றினார். அதற்கடுத்த முறை, சிலந்தி கூடு கட்டியிருக்கும், ஒட்டடைக் கம்பால் தட்டுங்கள் என்றார், தட்டினோம். ஒவ்வொரு முறையும் பட்டப்பகலில் வந்தார், படம் பளிச்சென்று இருப்பதைக் காட்டினார், போனார். இரவில் பனி தொடர்ந்தது. கடைசியில் மாடலே பழசு என்று தீர்ப்பளித்து, புதுக் கேமராவுடன் வந்து, முதல் முறையாக ஏணியில் ஏறினார். காவலாளி டியூட்டிக்கு முன்னதாகவே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேலிருந்து குரல் வந்தது. “இன்னா மேடம், கேமரா கண்ணாடி ஓரத்துல பொட்டு வெச்சிக்கீறீங்க?”

“ஆயுத பூஜைக்கு வெச்சது. லிஃப்ட், மோட்டார், எல்லாத்துக்கும்தான் வெச்சோம்.”

“நைட்ல இதுலேர்ந்து நம்ம கண்ணுக்குத் தெரியாத லைட்டு வரும் மேடம். சந்தனத்துல பட்டு திரும்பி அதும் கண்ணுலயே அடிக்குது. பகல்ல அந்த லைட்டு கிடையாது, அதான் பிரச்சனை இல்ல.”

செயலாளர் காவலாளியைப் பார்த்தார். “நீதானேப்பா ஏறி வெச்சே?”

“நீங்கதான மேடம் கீழ நின்னுக்கினு, பெருசா வை, பெருசா வைன்னீங்க!”

பொட்டை நாங்கள் யாரும் பார்க்காமல் இல்லை. அன்று அந்தக் கட்டடத்தில் பொட்டு வைக்காத பொருளே கிடையாது. பொட்டு இல்லாமல் இருந்திருந்தால்தான் கவனித்திருப்போம். மெக்கானிக் ஈரத் துணியால் துடைத்தார். புதுக் கேமரா பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போனது.

அன்று பொருளாளர் கல்யாண ஜவுளிக்காக தி. நகர் போயிருந்தார். கேமரா குணமான செய்தியை அவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மாலை, முந்தைய இரவின் பதிவைப் பார்க்கக் கமிட்டி திரைக்கு முன் கூடியது. படம் அபாரம். நந்தியாவட்டையின் இலைகளை எண்ணலாம். விடியலுக்கு முன் லிஃப்ட் திறந்தது. வேட்டியும் துண்டுமாக, கையில் எவர்சில்வர் கூடையுடன், எங்கள் பொருளாளர் வந்தார். அவருக்கு எட்டாத கிளையை, மங்கி குல்லாய் போட்ட காவலாளி தடியால் வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நன்றாக விழித்திருந்தார், இருவர் கண்களும் இருட்டில் வெள்ளைப் புள்ளிகளாக மின்னின.

பொருளாளர்தான் முதலில் வாய் திறந்தார்.

“இப்ப படம் நன்னா தெரியறது.”

செயலாளர் காவலாளியைக் கூப்பிட்டனுப்பினார். “ஏம்ப்பா, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?”

“திருடன் வந்தானான்னுதான கேட்டீங்க மேடம். சார் வந்தாரான்னு கேக்கலியே.”

பொருளாளர் தரையைப் பார்த்துக்கொண்டு, “பெருமாளுக்குத்தான்...” என்றார். காவலாளியை நீக்கும் பேச்சைக் கைவிடலாம் என்று முன்மொழிந்தவரும் அவரே. ‘ஏகமனதாக’ என்று எழுதினேன். பூ பற்றிக் குறிப்பில் ஒரு வரியும் வேண்டாம் என்றார்கள். அதுவும் ஏகமனதுதான்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணத்துடன் காவலாளிதான் ஏணியில் ஏறினார். கேமராவைத் தொடாமல், அதைத் தாங்கும் இரும்புக் கம்பியில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். கீழே நின்ற பொருளாளருக்குத் திருப்தியில்லை.

“அங்க எதுக்குப்பா? கண்ணாடி மேலயே வையேன். போன வருஷம் நன்னா இருந்ததே.”

“ஆவட்டும் சார்” என்று சொல்லிக்கொண்டே காவலாளி கீழே இறங்கினார்.