வெள்ளாயணிக் காயலில் ஓர் அடி

காலை 6.10. நாகர்கோவில் வடசேரியில் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறும்போதே தூறல். நகரத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பே, வெள்ளாயணி ஜங்ஷனில் இறங்க வேண்டும். டிக்கெட் தொண்ணூற்றெட்டு ரூபாய். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மழை வலுத்தது. ஷட்டரை இறக்கினேன். மூச்சு முட்டுவது போலிருந்தது, பாதி ஏற்றிவிட்டு நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாகலிங்கம் சார் இறந்து ஒரு வருடம். அவர் ஆர்க்கிடெக்ட். பன்னிரண்டு ஆண்டுகள் அவருடைய கட்டடங்களுக்கு நான்தான் சைட் இன்ஜினியர். அவர் இறப்புக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் எதுவும் இல்லை.

மூன்று நாள் முன்பு அவர் மனைவி பகவதி அக்கா போனில் கூப்பிட்டார். "தாணு, ஞாயித்துக்கிழம வரணும் கேட்டியா. அவருக்க நோட்டு ஒண்ணு கெடக்கு. பூரா காயல் தண்ணிக் கணக்கு. எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல."

வரேன்க்கா என்று சொல்லி வைத்தேன்.

8.35. ஜங்ஷனிலிருந்து காயல் கரைக்கு ஆட்டோ, நூற்று இருபது ரூபாய். "இந்த மழயத்து படகொண்ணும் எறக்க மாட்டாங்க சாரே" என்றார் ஓட்டுநர்.

"எறக்கலேன்னா நல்லது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது.

ஆனால் கரையில், புஞ்சக்கரித் துறையில் சாரின் படகு தயாராக நின்றது. அவரே வரைந்து, ஆசாரியை வைத்துச் செய்துகொண்ட சின்ன மரப்படகு. தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் துடுப்புப் போடாமல் அவர் மேசையில் உட்கார்ந்ததில்லை. கரையோரமாக ஒரு வீடு வரைவதென்றால் முதலில் அந்த மனையைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும் அவருக்கு. என்னையும் ஏற்றிக்கொள்வார். நான் இரண்டு ஓரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் சத்தமாகப் பாடுவார். சுருதி சேராது. "கீழ பாக்காதடே, வீட்டைப் பாரு" என்று சிரிப்பார்.

அக்கா ஏற்கெனவே படகில் இருந்தார். படகைப் பார்த்துக்கொள்ளும் சசி துடுப்பருகே. அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. "முப்பது வருசம் கூப்பிட்டாரு. ஒரு நாளும் ஏறல்ல, தண்ணியக் கண்டா அவ்வளவு பேடி. இப்ப ஏறியாச்சு. நீயும் ஏறு" என்றார். ஏறினேன்.

கரை விலகியதும், பிளாஸ்டிக் உறையிலிருந்து நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கரையில விஜயன்னு ஒருத்தருக்கு வீடு கட்டினீங்கல்லா? முதல் மழையிலயே தண்ணி கேறிச்சே? அதுக்கப்பொறம் இவரு படகுல பாடினதில்ல தாணு. எல்லா மழைக்கும் அந்த வீட்டுக்குப் போயி அளப்பாரு. வருவாரு, எழுதுவாரு. பேச்சுக் கெடையாது. என்னதான் அளந்தாருன்னு சொல்லு."

திறந்தேன். இடப்பக்கம் வீடு கட்டுவதற்கு முன் அவர் எடுத்த நீர்மட்டங்கள். வலப்பக்கம் கட்டிய பிறகு வந்த நான்கு மழைக்காலங்களின் அளவுகள். எல்லாமே மனையின் மூலையில் நட்டிருந்த மட்டக்கல்லிலிருந்து எடுத்தவை. ஒரு மனையில் எல்லா உயரங்களும் அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கும். வலப்பக்க அளவுகள் ஒவ்வொன்றும் இடப்பக்கத்தைவிடச் சரியாக ஓர் அடி கூடுதலாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: 'எங்கே தவறினேன்?'

மழை நோட்டில் விழுந்தது. மூடக்கூடத் தோன்றவில்லை.

அவர் எங்கும் தவறவில்லை. காயல் மட்டம் ஏறவே இல்லை. கல்தான் இறங்கியிருந்தது. அஸ்திவாரம் தோண்டிய அன்று ஜேசிபி அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டது. கான்கிரீட் லாரி வழியில் வந்துகொண்டிருந்தது. சார் வேறு ஊரில் இன்னொரு வேலையில் இருந்தார். நான் கண்ணளவில் கல்லைத் திரும்ப நட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர் நின்ற அன்று, பக்கத்துக் கலுங்கின் மதகுச் சுவரிலிருந்து ரகசியமாக அளந்து பார்த்தேன். கல் ஓர் அடி தாழ்ந்திருந்தது, அதோடு வீடும். அன்று சார் விஜயனிடம், "தப்பு என்னுது" என்றார். நான் அருகில்தான் நின்றேன்.

"அக்கா, தப்பு அவருதில்ல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சசி துடுப்பை நிறுத்திவிட்டார். படகு பக்கவாட்டில் நகர்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு நீச்சல் தெரியாததுகூட எனக்கு மறந்துபோயிற்று.

"சசி, விஜயனுக்க வீட்டுக்கு விடு" என்றார் அக்கா.

10.20. விஜயன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. குடையோடு படித்துறைக்கு வந்தார். அக்கா படகிலிருந்து இறங்கவில்லை. "சொல்லு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். மழையில் நின்றபடி இரண்டாம் முறையாகச் சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் மனை மூலையில் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா மழயத்தும் அவரு வரும். வெள்ளம் கேறியோன்னு கேக்கும். ரெண்டு வர்ஷம் நான் கதவே தொறந்நில்ல" என்றார். பிறகு படகுப் பக்கம் திரும்பி, "சேச்சி, க்ஷமிக்கணும்" என்றார். என் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் போனார்.

நான் படகில் ஏறப்போனேன். அக்கா கை காட்டித் தடுத்தார். "நீ ரோடு வழி போ தாணு." பிறகு சசியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அவர் இடத்தில் தானே உட்கார்ந்து இரண்டு துடுப்பையும் பிடித்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்து, வட்டமடித்து, கரையை முட்டி, மறுபடி விலகியது. சசி "சேச்சி, பைய, பைய" என்று பதறினார். மழைத் திரைக்குள் அவர்கள் மறையும்வரை நின்றேன்.

ஜங்ஷனுக்கு நடந்தே வந்தேன். 12.15க்கு நாகர்கோவில் பேருந்து கிடைத்தது. நெய்யாற்றின்கரை வரை அக்காவுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சசியின் எண் என்னிடம் இல்லை. காற்று மரங்களை வளைத்துக்கொண்டிருந்தது. காயல் நடுவில் இந்தக் காற்று எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பாறசாலையில் போன் அடித்தது.

"வீட்டுக்குப் போயாச்சா?"

"இல்லக்கா. பாறசாலை."

அந்தப் பக்கமும் மழை கேட்டது.

"நான் கரைக்கு வந்தாச்சு" என்றார். "கை ரெண்டும் வலிக்கி."

வைத்துவிட்டார்.