பச்சைப் புலி இருந்த காடு

சங்கரலிங்கம் இருபத்து நாலு வருடமாகக் காடு அச்சடிக்கிறார். சிவகாசியில் நாலு கலர் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவருக்கு அது ஒரு காரியமே இல்லை. காலண்டரில் காடு, நோட்டு அட்டையில் காடு, வெடிப்பெட்டி மூடியில் காடு. சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணையில் அவர் கண்டதெல்லாம் சீமைக்கருவேலம்தான். அச்சில் வந்த காட்டையாவது ரசித்தாரா என்றால் அதுவும் கிடையாது. லென்ஸை வைத்து, புள்ளி மேல் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். புலியைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? வீட்டிலும் அப்படித்தான். மனைவி முத்துமாரி நாலு வார்த்தை பேசினால் ஒரு "ம்" போடுவார்.

போன சீசனில் ஒரு வெடிக் கம்பெனியின் கிஃப்ட் பாக்ஸ் மூடிக்கு ஆர்டர். வழக்கமாக அடிக்கிற படம்: அடர்ந்த காடு, ஆறு, புலி, மான், மயில், யானை. ரோலரைக் கழுவி மை போடும் அவசரத்தில் நீல மை ஓடும் யூனிட்டில் சிவப்பையும், சிவப்பு ஓடும் யூனிட்டில் நீலத்தையும் போட்டுவிட்டார். எத்தனையோ தடவை ஓடிய படம்தானே என்று மிஷினைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். கைதேர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. புதியவனாக இருந்தால் பயந்துபோய்ப் பக்கத்திலேயே நின்றிருப்பான்.

திரும்பி வந்தபோது மூவாயிரம் தாள் விழுந்திருந்தது. மேல் தாளை உருவியவர் அப்படியே நின்றுவிட்டார்.

இலைகளெல்லாம் தணலாகச் சிவந்திருந்தன. ஆறு ரோஸ் நிறத்தில் ஓடியது. கரையில் பச்சைப் புலி ஒன்று, கறுப்புக் கோடு மாறாமல் உட்கார்ந்திருந்தது. பச்சை மான் தண்ணீரில் வாய் வைத்திருந்தது. மயில் குங்கும நிறத்தில் தோகை விரித்திருந்தது. யானை மட்டும் சாம்பல் நிறம் மாறாமல், எனக்கென்ன வந்தது என்று நின்றது. சங்கரலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஓர் உலகம் தன் மிஷினுக்குள் இத்தனை வருடம் ஒளிந்திருந்ததா? புலி அவரையே பார்த்தது. லென்ஸ் இல்லாமல் அவரும் பார்த்தார். பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அண்ணாச்சி, என்ன செஞ்சு வச்சிருக்கீக!" அச்சக முதலாளி இராமகிருஷ்ணன் தலையில் கை வைத்தார்.

சங்கரலிங்கம் தப்பை ஒப்புக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரே ஒரு தாள் எடுத்துக்கிடட்டுமா?"

"கம்பெனி பேர் போட்ட தாளு. முழுசா ஒண்ணு வெளிய போனாலும் ஆர்டர் போயிரும், ஒங்க வேலையும் போயிரும். அம்புட்டையும் துண்டாக்கிருங்க."

கட்டிங் மிஷினின் கத்தி இறங்கும்போது சங்கரலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டுகள் கழிவுத்தாளோடு வெளியே போயின. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காட்டைக் காடாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதை யாரிடமும் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பட்டாசு ஆலையில் கழிவுத்தாளில் வெடிக்குழாய் சுற்றும் முத்துமாரி வேனிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்தாள்.

"இதப் பாருங்க. குழாய் சுத்த வந்த பேப்பரு. எந்தக் கிறுக்கன் அடிச்சானோ, புலி பச்சையா இருக்கு! நாங்க அம்புட்டுப் பேரும் கைவேலைய விட்டுட்டுப் பாத்தோம். போர்மேன் கத்தவும் எல்லாத்தையும் சுத்திட்டோம். இத மட்டும் சுத்த மனசு வரல."

நாலு விரல் அகலம்தான் இருக்கும். புலியின் முகம் மட்டும் முழுசாக இருந்தது.

"நாந்தான் அடிச்சேன்" என்றார்.

முத்துமாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. துண்டைத் தரையில் விரித்து, பறக்காமல் ஓரத்தில் டம்ளரை வைத்தாள். பக்கத்து வெறுந்தரையைக் கையால் தடவினாள்.

"இங்கன என்ன இருந்துச்சு?"

சங்கரலிங்கம் அவள் எதிரே உட்கார்ந்தார். "ஆறு" என்றார். "ரோஸ் கலர்ல ஆறு. அதுல ஒரு மான் தண்ணி குடிக்கி..."

அவர் யானைக்கு வந்து சேர்ந்தபோது உலை வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.