ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வரி

சிசிலித் தீவில், சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்று நான் கூப்பிடுகிறவரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் அது. மழை விட்டிருந்தாலும் சுவர்களில் ஈரம் ஊறிக் கிடந்தது. படுக்கையறை அலுமாரியை இழுத்து அதன் பின்னால் படர்ந்த பூஞ்சணத்தைத் துடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நகரத்தின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டிலும் இதே ஈரம்தான். ஆனால் அங்கே இழுப்பதற்கு அலுமாரி இல்லை.

பாரத்தைக் குறைக்க, அலுமாரியின் மேலே இருந்த தகரப்பெட்டியை முதலில் இறக்கினேன். கட்டிலில் வைத்தபோது மூடி கழன்றது. உள்ளே பழுப்பேறிய பெரிய தாள்கள் கிடந்தன. ஒவ்வொரு தாளிலும் மூன்று பத்திகள்: இடது பக்கம் ஆங்கிலம், நடுவில் சிங்களம், வலது பக்கம் தமிழ்.

துடைக்கிற துணி கையில் இருக்க, நின்ற நிலையிலேயே படிக்கத் தொடங்கிவிட்டேன். துறைமுகத்துக்குள் வருகிற தோணிகளின் தண்டயல்மார், அதாவது தோணியை நடத்துகிறவர்கள், என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று அதில் இருந்தது. பழைய அச்சு. சொல்லுக்குச் சொல் இடைவெளி சரியாக விடவில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே எழுத்து. வாய்விட்டுப் படித்தால்தான் எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று பிடிபட்டது.

சிஞ்ஞோரா குசினியிலிருந்து கோப்பிப் பாத்திரத்தோடு வந்து வாசலில் நின்றார்.

"ஆரோட கதைக்கிறீங்கள்?"

"இந்தக் கடதாசியோட, சிஞ்ஞோரா. இது என்ர பாஷை."

அவர் பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார். எழுபத்தாறு வயது, கணவரை இழந்தவர், முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். கணவரின் முன்னோர் ஒருவர் கப்பல் தலைவராம். போன துறைமுகங்களில் எல்லாம் கிடைத்த சட்டதிட்டங்களைக் கொண்டுவந்து சேர்க்கிற பழக்கம் அவருக்கு இருந்ததாம். மற்றப் பெட்டிகளில் இருந்தவை எல்லாம் வாசிக்கப்பட்டுவிட்டன. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும், மற்ற இரண்டு எழுத்தும் என்னவென்றே தெரியாது; அதனால் இந்த ஒரு பெட்டிதான் மிச்சம். ஒருமுறை பல்லாரோ சந்தையில் வங்காளதேசக் கடைக்காரர் ஒருவரிடம் ஒரு தாளைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்கட எழுத்தில்லை" என்று திருப்பிக் கொடுத்தாராம்.

"மூண்டு வருஷமா நீங்கள் இந்த அலுமாரிக்குக் கீழதானே கூட்டுறீங்கள்?" என்றார் சிஞ்ஞோரா.

"மேல ஒருநாளும் பாக்கேல்லை" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் அப்போது சிசிலியின் கந்தகச் சுரங்கங்களைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்தத் தீவில் யார் தோண்டலாம், யார் ஏற்றலாம், எந்தக் கப்பல் எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் அதில் வரும். அதோடு வைத்துப் பார்க்க இன்னொரு தீவு வேண்டுமென்று நெடுநாளாக ஆசை இருந்ததாம். அந்தத் தீவு, என்னுடைய தீவு, அவருடைய அலுமாரிக்கு மேலேயே இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து திங்கள், வியாழன் இரண்டு நாளும் என் நான்கு மணித்தியால வேலை இரண்டாகப் பிரிந்தது. பன்னிரண்டு மணி வரை துடைப்பேன். பிறகு மேசையில் அவருக்கு எதிரே இருந்து படிப்பேன். முதல் வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக் கதிரையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை.

"சிஞ்ஞோரா, யன்னல் எல்லாம் அப்படியே கிடக்குது."

"கிடக்கட்டும். தூசி எங்கையும் போகாது. நீங்கள் வாசியுங்கோ."

சிங்களம் இரண்டு பேருக்கும் தெரியாததால் அந்தப் பத்தியை விட்டுவிட்டோம். அகராதியின் துணையோடு அவர் ஆங்கிலப் பத்தியைப் படிப்பார். நான் தமிழ்ப் பத்தியை எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொல்லுவேன். இரண்டும் ஒத்துப்போனால் பென்சிலால் ஒரு சிறு கோடு போடுவார். என்னுடைய இத்தாலியம் சமையலுக்கும் மருந்துக்கும் பத்திரங்களுக்கும் போதும். நங்கூரத்துக்கும் கருங்காலிக்கும் போதவில்லை. கைகளால் காட்டினேன், படம் கீறினேன்.

துறைமுகத் தாள் முதலில் முடிந்தது. தோணியின் பக்கத்தில் இலக்கம் எழுதியிருக்க வேண்டும். தோணியில் வருகிற ஆட்களின் பெயர்ப்பட்டியலைத் தண்டயல் கையில் வைத்திருக்க வேண்டும். உத்தரவுச்சீட்டு இல்லாமல் பாய் விரிக்கக்கூடாது. பாரத்துக்கு ஏற்றிவந்த கற்களைத் துறைமுகத்துக்குள் கொட்டக்கூடாது. இந்தக் கடைசி விதி எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. கல்லைக் கொட்டினால் யாருக்கு என்ன நட்டம்?

அன்று பின்னேரம் என் கணவரிடம் கேட்டேன். அவர் மன்னார்ப் பேசாலையில் கடலில் வளர்ந்தவர். இங்கே மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் துப்புரவாக்குகிறார். சட்டையைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"வெறுந்தோணி ஆடும், அதுக்குத்தான் கல்லுப் போடுறது. சாமான் ஏத்த வந்த இடத்தில கல்லைத் தள்ளினா துறை தூர்ந்து போகுமெல்லே. பிறகு பெரிய கப்பல் எப்பிடி வாறது?"

சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "அந்தக் காலத்திலயும் பெர்மெஸ்ஸோ கையில இல்லாட்டி வெளிக்கிடேலாதோ?" என்று கேட்டார். வதிவிட அனுமதிக்காக வரிசையில் நின்று நின்று பழகிய மனிதர் அவர்.

அடுத்த வியாழக்கிழமை சிஞ்ஞோரா அந்த விளக்கத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதி, "தகவல்: மன்னார்க் கடலோடி ஒருவர்" என்று போட்டார். அதை என் கணவரிடம் சொன்னேன். அந்த ஞாயிறு பங்குக் கோவிலில் பூசை முடிந்ததும் அவர், முற்றத்தில் நின்ற நாலைந்து பேருக்கு அந்தக் கல் விஷயத்தை முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தாள் காரீயம், அதாவது பென்சில்கரி, தோண்டுவது பற்றியது. அரசாங்கக் காணியில் குழி தோண்டுவதானால் முதலில் எழுதிக் கேட்க வேண்டும். விட்டுப்போகிற குழியை மூட வேண்டும். இங்கே சிசிலியில் அந்தக் காலத்தில் நிலம் யாருடையதோ, அதன் அடியில் இருக்கிற கந்தகமும் அவருடையதாகத்தான் இருந்தது என்றார் சிஞ்ஞோரா. பிரபுக்கள் வீட்டிலிருந்தபடியே பாதாளத்துக்கும் சொந்தக்காரராக இருந்திருக்கிறார்கள்.

"உங்கட ஊரில நிலத்துக்குக் கீழ இருக்கிறது ஆருக்குச் சொந்தம்?" என்று கேட்டார்.

எனக்குக் கிணறுதான் ஞாபகம் வந்தது. "எங்கட காணியில கிணறு தோண்டினா உப்புத்தண்ணிதான் வரும் சிஞ்ஞோரா. அதை ஒருத்தரும் கேக்க வரேல்லை" என்றேன்.

மூன்றாவது தாளில்தான் அந்த வரி இருந்தது. அது காட்டு மரங்களைப் பற்றிய தாள். கருங்காலி, முதிரை, பாலை முதலிய மரங்களைக் கோறணமேந்தாரின் உத்தரவுச்சீட்டு இல்லாமல் வெட்டவும் கூடாது, ஏற்றவும் கூடாது. அரசாங்கத்தை அந்தக் காலத்தில் அப்படித்தான், கோறணமேந்து என்று எழுதியிருக்கிறார்கள். ஆறாவது விதி வரை கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தோம். ஏழாவது விதியில் ஆங்கிலம் முடிந்துவிட்டது. தமிழ் முடியவில்லை. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குகிறவர்களையும் வேலிக்குக் கதியால் வெட்டுகிறவர்களையும் இந்தச் சட்டம் தடுக்காது, அவர்கள் பயப்படத் தேவையில்லை என்று இன்னும் ஒரு வரி இருந்தது.

"திருப்பி வாசியுங்கோ" என்றார் சிஞ்ஞோரா.

வாசித்தேன். ஆங்கிலத்தில் விரலை வைத்துத் தேடினார். இல்லை.

அடுத்த கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஒருவரை வரவழைத்தார். சிஞ்ஞோராவிடம் ஒரு காலத்தில் படித்தவர். நல்ல மனிதர், நான் போட்ட கோப்பிக்கு எழுந்து நின்று நன்றி சொன்னார். ஆனால் அந்த வரியைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. சட்டத்தை மொழிபெயர்க்கிறவன் சொந்தமாக எதையும் சேர்க்க மாட்டான் என்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "எங்களுக்கு விளங்கட்டும் எண்டு நீங்கள் ஒரு விளக்கம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், என்ன?" என்றார்.

எனக்குக் காது சுட்டது. ஏனென்றால் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எங்கள் கோவில் பங்குப் பெண்களுக்காகக் குவெஸ்தூராவுக்கு, அதாவது வதிவிட அனுமதி கொடுக்கிற பொலிஸ் அலுவலகத்துக்கு, போய்ப் பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். ஒருமுறை அங்கிருந்த அலுவலர், "பதினைந்து நாளில் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "பதினைஞ்சு நாளில வரட்டாம். இல்லையெண்டு சொல்லேல்லை, பயப்பிடாதை. படம் ரெண்டு கொண்டு வா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லை" என்றேன். அலுவலர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சிஞ்ஞோரா, நான் சொன்னது மூன்று வார்த்தை. உங்கள் மொழி அவ்வளவு நீளமா?"

பேராசிரியர் போன பிறகு இதைச் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே அந்த வரி தாளில் இருக்கிறதா, நானாகச் சேர்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மகளுக்குப் பதினாறு வயது. சனிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் தமிழ் படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள், பாதி விளங்காது. எனக்கு வேண்டியிருந்தது அப்படிப்பட்ட ஆள்தான். விளங்காததில் எதையும் சேர்க்க முடியாதே.

"பிள்ளை, இதில இருக்கிறதை ஒண்டும் விடாமல் வாசி. நான் பதிவு பண்ணப்போறன்."

"மம்மா, நாளைக்குச் சோதினை."

"ஒரு வரிதான்."

அவள் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்தி வாசித்தாள். "அடு... ப்புக்கு... சுள்... ளி." நிமிர்ந்து பார்த்தாள். "சுள்ளி எண்டா கொஸா?"

"சின்னக் காய்ஞ்ச தடி. நீ வாசி."

"கதி... யால். இது?"

"வேலிக்கு நடுறது. வாசி பிள்ளை!"

வாசித்து முடித்தாள். வரி அங்கேதான் இருந்தது, "பயப்படத் தேவையில்லை" என்பது உட்பட. நான் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டேன். என்ன நடந்தது என்று தெரியாமலே மகள் வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் புத்தகத்தை எடுக்கப் போனாள்.

பதிவைச் சிஞ்ஞோரா மூலமாகப் பேராசிரியருக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அவரே சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வந்தார். தாளை யன்னலோரம் வைத்து, ஒரே எழுத்து வரும் இடமெல்லாம் மகளின் குரலிலும் ஒரே ஓசை வருகிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வரி இருக்குது" என்றார். அது எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. கச்சேரித் துரை, அதாவது மாவட்டத்தை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரி, வாயால் சொல்லி எழுதுவித்திருக்கலாம். ஆங்கிலத்தை அச்சிலே சுருக்கியிருக்கலாம். அல்லது மொழிபெயர்ப்பாளர் தானாகவே எழுதியிருக்கலாம்.

எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. இந்தத் தாள் சந்தையில் ஒட்டப்படும்போது, சுள்ளிக் கட்டோடு வருகிற பெண்கள் யாரையாவது வாசித்துச் சொல்லக் கேட்பார்கள், பயந்து கட்டைப் போட்டுவிட்டு ஓடுவார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும். அதற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. பேராசிரியரிடம் அப்படியே சொன்னேன். "சான்று இல்லை எண்டு சொல்லுற ஆட்களைத்தான் எனக்குப் பிடிக்கும்" என்றார்.

வைகாசி மாதத்தில் சிஞ்ஞோராவின் புத்தகம் வந்தது. அதைப் பற்றிப் பேச ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நூலகத்தில் சிறிய கூட்டம் வைத்தார்கள். முப்பது கதிரை போட்டு, இருபது நிறைந்தது. ஏழாவது விதியை நான் தமிழில் வாசிக்க வேண்டும் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். முதல் இரண்டு சொல்லை மகளைப் போல எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். பிறகு வந்துவிட்டது. ஒரு சொல்லும் விளங்காத இருபது பேர் அசையாமல் கேட்டார்கள். பேராசிரியர் இத்தாலிய மொழியில் திருப்பிச் சொன்னபோது, முன்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள். அது எனக்கா, அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளருக்கா என்று தெரியவில்லை.

கூட்டம் முடிந்த பிறகு தடித்த மீசைக்காரர் ஒருவர் எங்களிடம் வந்தார். மலைப்பக்கம் அரச காடுகளில் காவலராக வேலைபார்த்து ஓய்வுபெற்றவராம். சுள்ளி பொறுக்க வருகிறவர்களைத் தானும் கண்டுகொள்ளாமல் விட்டதுண்டு என்று மெல்லிய குரலில் சொன்னார். பிறகு, "அந்த முதிரை மரம் எப்படி இருக்கும்? வைரம் பாய்ந்ததா? என்ன நிறம்?" என்று கேட்டார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் கணவர், கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையோடு பின்னால் நின்றவர், முன்னே வந்தார். அவருடைய இத்தாலியம் கடைக் குசினியில் கற்றது. பாண் கோதின், வெந்த ரொட்டியின் மேல்தோலின் நிறம் என்றார். வாள் போட்டால் பல் தேயும் என்றார். வாசனையைச் சொல்லத் தெரியாமல் தன் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கண்ணை மூடினார். மீசைக்காரர் தலையாட்டித் தன் பங்குக்கு ஓக் மரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நூலகக் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தபோதும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

கோப்பி குடிக்கலாம் என்று எல்லோருமாக வெளியே வந்தோம். வெயில் இன்னும் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் கைகளை வீசி வீசிப் பேசியபடி முன்னால் போக, சிஞ்ஞோரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் புத்தகங்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனேன்.