பஸ்தியானுக்கு விழுந்த சீட்டு

கடவுளின் இலட்சணங்கள் ஆறையும் பஸ்தியான் மூச்சுவிடாமல் சொல்லுவார். தாமாகவே இருக்கிறவர், தொடக்கமும் முடிவும் இல்லாதவர், உடல் இல்லாதவர், நன்மையெல்லாம் நிறைந்தவர், எங்கும் இருக்கிறவர், எல்லாவற்றுக்கும் காரணமானவர். ஏழு வயதில், கோயிலில் முதல்நன்மை வாங்குவதற்காகப் பாடமாக்கியது. ஐம்பத்திரண்டு வயதிலும் ஒரு சொல் பிசகாது. நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பார் என்று மனைவி அசும்ப்தா பகிடி பண்ணுவாள். பாடமாய் இருந்தால் தெரிந்த மாதிரித்தானே? அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார், பாவம்.

லிங்கநகரில் அவர்களுடைய ஒழுங்கைக்காரர் தபசுகாலத்து ஞாயிறுகளில் முறைவைத்து ஒவ்வொரு வீடாகச் செபக்கூட்டம் வைப்பார்கள். இந்த வருடம், கூட்டங்களை நடத்துகிற றீட்டா ரீச்சர் புதிதாய் ஒன்று செய்தார். ஆறு கடதாசித் துண்டில் ஆறு இலட்சணங்களையும் எழுதிச் சுருட்டிப் போட்டார். எடுத்தவர் தன் வீட்டுக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும். பஸ்தியானுக்கு விழுந்தது ‘எங்கும் இருக்கிறவர்’. அடுத்த ஞாயிறே அவருடைய முறை.

“இது லேசு ரீச்சர்,” என்றார் பஸ்தியான். “நான் முப்பதடி உயரத்தில இருந்து வேலை செய்யிறவன். அங்கையும் அவர் இருக்கிறார் எண்டு சொன்னால் கதை முடிஞ்சுது.”

எல்லாரும் சிரித்தார்கள். மனிசனுக்கு வாய் சும்மா இருக்காதே!

அவர் கிறேன் ஓட்டுகிறவர். துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிற ஒரு சின்னக் கொம்பனியில் பதினாலு வருடம். மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் இவர். கீழே கப்பல் தட்டில் நின்று கைகாட்டுகிறவர் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருகிற ஸெய்னுதீன். கப்பலின் அடித்தளத்தில் என்ன நடக்கிறது என்று மேலேயிருந்து தெரியாது. ஸெய்னுதீனின் கை சொல்வதுதான் வேதம். விரல் சுழன்றால் தூக்கவேண்டும், கை தாழ்ந்தால் இறக்கவேண்டும், உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் அப்படியே நிற்கவேண்டும். இருவரில் யார் மூத்தவர் என்பது தீராத வழக்கு. இவர் அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி, நானா என்பார்; அவர் இவரை அண்ணன் என்பார். பதினாலு வருடத்தில் அந்தக் கை ஒருநாளும் பிழைத்ததில்லை.

சீட்டு எடுத்த மறுநாள், திங்கட்கிழமை, வயலுக்குப் போடும் பசளை மூட்டை இறக்கினார்கள். காலை பத்தரை இருக்கும். சட்டைப் பைக்குள் போன் துடித்தது. பெட்டிக்குள் போன் கொண்டுபோகவே கூடாது, அது சட்டம். ஆனால் அன்று மகள் அனெட்டின் உயர்தரப் பரீட்சை முடிவு வருகிற நாள். எந்தத் தகப்பன் போனைக் கீழே வைத்துவிட்டு ஏறுவான்? கிறேனில் மாட்டிய கயிற்று வலையில் இருபது மூட்டை தொங்கிக்கொண்டிருக்க, பஸ்தியான் போனைப் பார்த்தார். ‘மூன்று ஏ அப்பா!’ என்றிருந்தது.

கண்ணை நிமிர்த்தியபோது ஸெய்னுதீனின் உள்ளங்கை ஏற்கெனவே உயர்ந்து நின்றது. வலை கப்பல் விளிம்பில் மோதி, கயிறு அறுந்து, மூட்டைகள் சிதறிவிட்டன. ஒன்று இல்ஹாம் என்ற கூலித் தொழிலாளியின் காலில் விழுந்து எலும்பு வெடித்துவிட்டது. நல்லகாலம், தலையில் விழவில்லை.

ஒபிசில் மனேஜர் கேட்டார்: “ஸெய்னுதீன் கை காட்டினவரா, இல்லையா?”

பஸ்தியான் போனைக் காற்சட்டைப் பைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். “நான் காணேல்ல,” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “காட்டியிருந்தால் நிப்பாட்டியிருப்பன் தானே சேர்?”

அந்த ஒரு வசனத்தோடு ஸெய்னுதீனை வேலையால் நிறுத்தி வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை விசாரணை. பிழை ஸெய்னுதீனுடையது என்று முடிவானால், அத்தோடு அவர் வேலை போய்விடும்.

வீட்டுக்கு வந்தால் கொண்டாட்டம். அனெட் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். பக்கத்து வீட்டார் கேக் கொண்டுவந்தார்கள். பஸ்தியான் தன் துண்டை அனெட்டின் தட்டில் வைத்தார். அன்றிலிருந்து மனிசனுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருப்பார், எழும்புவார், கேற்றடிக்குப் போவார், ஏன் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். நல்லாயிருந்த குசினிக் கதவைக் கழற்றித் திரும்ப மாட்டினார். பிறகு அது சாத்துப்படவில்லை.

“உங்களுக்கு என்ன பிடிச்சது?” என்றாள் அசும்ப்தா.

“பேச்சுக்கு யோசிக்கிறன்.”

யோசித்தார்தான். கொப்பியில் ‘கடவுள் எங்கும் இருக்கிறார்’ என்று எழுதுவார். அதற்குக் கீழே ஒன்றும் வராது. கிழித்துவிட்டு இன்னொரு தாளில் அதையே எழுதுவார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் தன்னையும் போனையும் பார்த்துக்கொண்டு ஒருவர் இருந்தார் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பொய் சொன்னார். கடவுளுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, மனேஜருக்குத் தெரியக்கூடாது! அந்த நினைப்பு வந்தபோது பஸ்தியானுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கிறேன் போய்விட்டால் என்ன செய்வது? மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டாமா? இப்படியே ஐந்து நாள் மென்று விழுங்கினார்.

சனிக்கிழமை பகல் கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது. ஸெய்னுதீன்! கையில் ஒரு சட்டி தயிர், வாழையிலையால் மூடிக் கட்டியிருந்தது.

“மகளுக்கு மூணு ஏயாமே அண்ணன்! ஊரெல்லாம் தெரியும், எனக்குச் சொல்லல்லயே,” என்று சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. அனெட் வந்து சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். “அண்ணன், ஒண்டு கேக்கிறன், கோவிக்க வேணாம். நான் நேரத்துக்குத்தான் கையத் தூக்கினேன் எண்டு நினைச்சன். ஆனா நீங்க காணல்ல எண்டு சொல்லிட்டீங்க. நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. அப்ப என்ட கைதான் பிந்தியிருக்கணும், என்ன?”

பஸ்தியான் கேற்றுக் கொளுக்கியைப் போட்டுக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“வீட்டுல கண்ணாடிக்கு முன்னால நிண்டு தூக்கித் தூக்கிப் பாக்கிறன். ஜெஸீமா ஏசுறா, புருஷனுக்குப் பைத்தியமா எண்டு. வயசு போகுதோ தெரியா. கை பிந்துதெண்டா நான் அந்த இடத்துல நிக்கக்கூடாதுதானே? நாளைக்கு ஒருத்தன்ட தலையில விழுந்தா அந்தப் பாவம் என்ட கழுத்துக்குத்தான் வரும்.”

அட, வந்தவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் பஸ்தியான் தாங்கியிருப்பார். இதை எப்படித் தாங்குவது? ஆள் இவரைச் சந்தேகிக்கவில்லை, தன் கையைச் சந்தேகிக்கிறார். “தேத்தண்ணி குடியுங்கோ நானா,” என்று மட்டும் சொன்னார் பஸ்தியான். அதைச் சொன்ன வாயை அடிக்கவேண்டும் போல அவருக்கே இருந்தது. ஸெய்னுதீன் குடித்துவிட்டுப் போனார். தயிரை மற்றவர்கள் சீனி போட்டுச் சாப்பிட்டார்கள்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. இரவல் கதிரையும் பாயுமாகப் பதினாலு பேர். ஒரு பாட்டுப் பாடி முடிந்ததும், “பஸ்தியான் இப்ப எங்களுக்குச் சொல்லுவார்,” என்றார் றீட்டா ரீச்சர்.

பஸ்தியான் எழுந்து நின்றார். கையில் கொப்பி இல்லை.

“எங்கும் இருக்கிறார்,” என்றார். “நான் சின்ன வயசில இருந்து என்ன நினைச்சனான் எண்டால், அவர் மேல இருந்து எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறார் எண்டு. என்ர கிறேன் பெட்டிக்கு இன்னும் மேல ஒரு பெட்டி, அதுக்குள்ள அவர்.” சிலர் சிரித்தார்கள். “அது பிழை. அவர் கீழ நிண்டவர். திங்கக்கிழமை ஸெய்னுதீன் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டாரே, அவருக்குப் பக்கத்தில நிண்டவர். இப்பவும் அங்கதான் இருக்கிறார், கிண்ணியாவில, ஸெய்னுதீன்ர வீட்டில.” றீட்டா ரீச்சர் பக்கம் திரும்பினார். “அவர் எங்கையும் இருக்கிறார் ரீச்சர். நான்தான் இருக்கவேண்டிய இடத்தில இல்லை.”

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பஸ்தியான் மேசையில் கிடந்த மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்தார்.

“செபம் முடியேல்ல, எங்க போறீங்கள்?” என்று அசும்ப்தா வாசல்வரை ஓடிவந்தாள்.

“கிண்ணியாவுக்கு. பொய் சொல்லிப்போட்டன் அசும்ப்தா. வந்து சொல்லுறன்.”

கிண்ணியாப் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளியது. திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் யோசித்தார். யோசித்தார் என்பதை மறைப்பானேன்? மனிசன்தானே. ஆனால் திரும்பவில்லை.

ஸெய்னுதீன் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மனைவி ஜெஸீமா வாசலில் நின்றாள். அவர்கள் இருக்கச் சொல்லும்வரை பஸ்தியான் காத்திருக்கவில்லை. “நானா, உங்கட கை பிந்தேல்ல. நான் போன் பாத்துக்கொண்டு இருந்தனான். நிமிரேக்க உங்கட கை மேல நிண்டது. தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னனான்.”

ஸெய்னுதீன் பம்பை நிலத்தில் வைத்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப என்ட கை சரி.”

“சரி நானா. நேரத்துக்குத் தூக்கினீங்கள்.”

“ஆறு நாள்!” என்று கத்தினார் ஸெய்னுதீன். அவர் கத்தி பஸ்தியான் கேட்டதேயில்லை. “ஆறு நாளா என்ட கைய நானே நம்பாம இருந்தன்! சோறு அள்ளக்கூட யோசிச்சன்!”

ஜெஸீமா கத்தவில்லை. “நேத்து உங்கட வீட்டுக்குத் தயிர் கொண்டு வந்தாரே,” என்றாள். “அப்பயாவது சொல்லியிருக்கலாமே.”

பஸ்தியான் நின்ற இடத்திலேயே அழுதார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா.”

“அத இப்பக் கேக்க வேணாம். நாளைக்கு ஒம்பது மணிக்கு வாங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. பொறகு பாப்பம்.”

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் முன்னால் சொன்னார். போனில் வந்த செய்தி யாருடையது என்று மனேஜர் கேட்டபோது மட்டும் வாய் திறக்கவில்லை. பிள்ளை இதெல்லாம் தன்னால்தான் என்று நினைக்கக்கூடாதே. அன்றே அவரைக் கிறேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். முற்றாக வெளியே அனுப்பாமல், அடித்தளத்தில் மூட்டை அடுக்குகிற கூட்டத்தில் போட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் முதுகு முறிகிற வேலை. அனெட் பல்கலைக்கழகத்துக்குப் போவது எப்படி என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அசும்ப்தா நாலு நாள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

ஸெய்னுதீன் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். கிறேனில் புது ஆள். கீழே தொங்கும் பாரத்துக்கு அடியில் முதல்முறையாகப் பஸ்தியான்.

முதல் வலை வந்தது. மேலே பார்த்தார். இத்தனை வருடம் மேலே இருந்தவருக்கு, அது கீழே நிற்பவனின் தலைக்குமேல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று தெரிந்திருக்கவில்லை. கப்பல் விளிம்பில் நின்ற ஸெய்னுதீன் கீழே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். இவரில் கண் நின்றது. உள்ளங்கை உயர்ந்தது. வலை அந்தரத்தில் அப்படியே நின்றது.

“பஸ்தியான்! விலகி நில்லுங்க!”

அண்ணன் என்று கூப்பிடவில்லை. இன்றுவரை கூப்பிடவும் இல்லை. பஸ்தியான் தடுமாறி, இரண்டு மூட்டையில் கால் இடறி, ஒருவாறு சுவரோரம் போய்ச் சேர்ந்தார். அவர் போய்ச் சேரும்வரை அந்தக் கை இறங்கவில்லை.